அந்த ரிப்போர்ட்டை அவனே எழுதட்டும்

கேள்வி: என் மகன் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். 'சேர்வராயன் மலை' பற்றிப் படங்களோடு பத்துப் பக்கம் ரிப்போர்ட் வேண்டும் என்று வெள்ளிக்கிழமை டைரியில் எழுதி அனுப்பினார்கள். கணவர் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். வீடு வர நேரமாகும். நானே இணையத்தில் தேடி, கலர் பிரின்ட் எடுத்து, ஞாயிறு இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து எழுதி ஒட்டினேன். பையன் பாதியிலேயே அழுது தூங்கிவிட்டான். மிஸ் 'வெரி குட்' போட்டார். இப்போது மழைநீர் சேகரிப்புக்குத் தெர்மாகோல் மாடல் கேட்கிறார்கள். செய்யாவிட்டால் அவன் பின்தங்கிவிடுவானா?
ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: பின்தங்க மாட்டான். அந்தப் பத்துப் பக்கத்தில் அவன் எழுதியது ஒரு வரிகூட இல்லை. 'வெரி குட்' உங்களுக்குக் கிடைத்தது. அவனுக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை அழுகை மட்டும்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது, நீதிபதி என்.கிருபாகரன் கொடுத்த உத்தரவு அது. 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்றே சொல்கிறது. 3 முதல் 5-ம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். கவனியுங்கள், நாளைக்கு இல்லை, வாரத்துக்கு! நீங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதைத் தாண்டியிருப்பீர்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று வகுப்பில் வாயால் சொல்லட்டும் என்கிறது அதே கொள்கை. ஏழு வயதுக்கு அதுதான் தகும்.

சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்று அந்த ரிப்போர்ட்டில் எழுதியிருப்பீர்கள். ஆயிரம் என்றால் எவ்வளவு என்றே இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு அந்த எண் என்ன சொல்லும்? அடிவாரத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனால் அவனுக்கு உயரம் தெரியும். காது அடைக்கும், காற்று குளிரும், கீழே சேலம் சின்னதாகிக்கொண்டே போகும். நடுவில் எண்ணிக்கை தவறினால் தவறட்டும். அப்புறம் அவன் நாலு வரி சொன்னால் அந்த நாலு வரியும் அவனுடையது.

எனக்கு இதில் பெரிய கோபம் வேறொன்று. அதே மலையில் காப்பித் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகும் தாயை நினைத்துப் பாருங்கள். பழம் பறிக்கும் மாதங்களில் வேலை முடிந்து களைத்து வருகிறவரிடம், பள்ளிக்கூடமே போகாதவரிடம், 'படங்களோடு பத்துப் பக்கம்' என்று எழுதிய டைரியைப் பிள்ளை நீட்டினால் அவர் என்ன செய்வார்? பிரின்ட் எடுக்கக் கடைக்குப் போகவே அரை நாள் கூலி போகும். மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்பது அந்தப் பிள்ளைதான். இந்த மாதிரி ரிப்போர்ட்டுக்குப் போடும் மதிப்பெண் பிள்ளையின் படிப்பை அளப்பதே இல்லை. வீட்டில் யாருக்கு எழுதத் தெரியும், யார் கையில் காசு இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. பிள்ளையின் மலையைப் பற்றியே அவனைத் தோற்கடிப்பது கொடுமை.

மிஸ் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். மேலிடம் கேட்பதைத்தான் பல நேரம் அவர்கள் டைரியில் எழுதுகிறார்கள். ஆனால் உங்களிடம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் ராத்திரி விழித்து எழுதிக் கொடுக்கும்வரை, இரண்டாம் வகுப்புப் பையனால் இது முடியும் என்று பள்ளி நம்பிக்கொண்டிருக்கும். 'ஹோம் ஒர்க்கே தருவதில்லை, என்ன பள்ளிக்கூடம்' என்று குறைபட்டுக்கொள்ளும் பெற்றோரும் நம் ஊரில் இருக்கிறார்கள். பள்ளிகள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

அதனால் அந்தத் தெர்மாகோலை வாங்காதீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைக் காட்டுங்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்று அவனே பார்த்துப் பென்சிலில் வரையட்டும். கோணலாகத்தான் வரும், அப்படியே கொடுத்தனுப்புங்கள். ஒருநாள் அப்பாவோடு பட்டறைக்கும் போய்வரட்டும். வெள்ளியை உருக்குவது, கம்பியாக இழுப்பது, கண்ணி கண்ணியாகப் பத்த வைப்பது, கடைசியில் மெருகு போடுவது எல்லாம் அவனுடைய அப்பாவுக்குத் தெரிந்த வித்தை. அதை வகுப்பில் நின்று சொல்ல ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று மிஸ்ஸிடம் கேளுங்கள்.

சரி, பையனைத் தனியாகக் குறி வைப்பார்களோ என்ற பயம் இருக்கும். அதே வகுப்பில் இதே எரிச்சலோடு இருக்கும் மூன்று நான்கு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். சண்டை வேண்டாம். 2018 உத்தரவையும் 2020 கொள்கையையும் குறிப்பிட்டுத் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் அதன் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரைப் பாருங்கள்.