கிளவுட் வழியே அலுவலக வைஃபை

கேள்வி: ஜார்ஜ்டவுன் லெபு பந்தாயில் உள்ள எங்கள் கணக்கியல் நிறுவனத்துக்குப் பட்டர்வொர்த்திலும் சுங்கைப்பட்டாணியிலும் கிளைகள் உண்டு. மூன்றின் வைஃபையையும் கிளவுட் தளத்தில், அதாவது இணையவழியே வெளி சர்வரில் இயங்கும் தளத்தில், நிர்வகிக்கலாம் என்கிறார் விற்பனையாளர். இணையம் துண்டிக்கப்பட்டால் வைஃபையும் நின்றுவிடுமா? வாடிக்கையாளர் கோப்புகள் வெளியே போகுமா?
- வாசகர், பினாங்கு

பதில்: இரண்டுக்கும் பொதுவான விடை, இல்லை என்பதே. சிஸ்கோவின் மெராக்கி போன்ற தளங்களில் அமைப்பு விவரங்களும் கண்காணிப்புத் தகவல்களுமே கிளவுடுக்குச் செல்கின்றன. கோப்புகளோ உங்கள் சுவிட்ச் (அலுவலகக் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) வழியாக அலுவலக சர்வருக்கும் பிரிண்டருக்கும் நேரே போய்விடும். இணையம் அறுந்தாலும், ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை அலையைப் பரப்பும் கருவி) கடைசியாகப் பெற்ற அமைப்பின்படியே இயங்கும். அந்நேரத்தில் தளத்தின் வழியாகக் கடவுச்சொல்லை மாற்ற இயலாது, அவ்வளவுதான். விருந்தினர் உள்நுழைவுப் பக்கம் கிளவுடில் இருந்தால், அது மட்டும் தடைபடலாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம் உரிமக் கட்டணம். மெராக்கியின் பொதுக் காலாவதி உரிம முறையில் (எல்லாக் கருவிகளின் உரிமமும் ஒரே தேதியில் முடியும் முறை), உரிமம் முடிந்து 30 நாள் சலுகைக் காலமும் கடந்துவிட்டால், விலை கொடுத்து வாங்கிய கருவிகளே வேலை செய்யாமல் நின்றுவிடும். ஆகவே, கையெழுத்திடும் முன்னரே, புதுப்பிக்கும் தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றொன்று: லெபு பந்தாயின் பழைய கட்டடங்களில் உள்ள தடித்த செங்கல் சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எளிதில் ஊடுருவாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்று அதிகத் தூரம் எட்டினாலும், ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) அதில் 1, 6, 11 ஆகிய மூன்றே என்பதால், அக்கம்பக்கத்துக் கடைகளின் வைஃபையோடு நெரிசல் ஏற்படும். எந்தக் கிளவுட் தளமும் சுவரை மெலிதாக்காது. எனவே கூடுதல் ஆக்சஸ் பாயிண்டுகளுக்கான கேபிள் செலவையும் விலைப்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.