வசனத்தின் மறுபாதி

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் பிக்கப் வண்டியில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய் வருகிறார். கல்யாணமாகி 11 வருஷம். மகள் வயிற்றில் இருக்கும்போதே அடி ஆரம்பித்துவிட்டது. சபையில் அவர் ஜெபம் பண்ணினால் கேட்பவர்கள் அழுதுவிடுவார்கள். வீட்டிலோ, தையல் கிளாஸ் முடிந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தால்கூட அடி. மறுநாள் என் பக்கத்தில் முழங்கால் போட்டு அழுவார். "மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். இந்தக் குளிரில் எல்லாரும் ஸ்வெட்டர் போடுவதால் என் கையில் இருக்கும் காயம் யாருக்கும் தெரிவதில்லை.

போன வாரம் கழுத்தை நெரித்தார். கண் இருட்டிவிட்டது. இரண்டு நாள் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார், பொறுத்துப் போம்மா" என்றார். ஒன்பது வயது மகள் வண்டிச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் போய்விடுகிறாள். நான் வீட்டை விட்டுப் போனால் அது பாவமா, அக்கா?

பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

இல்லை. பாவம் இல்லை.

வசனத்துக்கு முன்னால் உங்கள் கழுத்தைப் பற்றிப் பேச வேண்டும். கழுத்தை நெரிப்பது வெறும் கோபம் இல்லை. அது உயிருக்கு ஆபத்து நெருங்கிவிட்டதற்கான அறிகுறி. வெளியே தடம் தெரியாவிட்டாலும் உள்ளே ரத்தக்குழாயில் காயம் இருக்கலாம். நாளைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இனி பாஸ்டர் சொன்ன வசனம். அது மல்கியா 2:16. தள்ளிவிடுதல் என்றால் மனைவியை விவாகரத்து செய்வது. பாஸ்டர் சொன்னது அதன் முதல் பாதிதான். உங்கள் பைபிளைத் திறந்து தொடர்ந்து வாசியுங்கள்: "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்." நோவாவின் காலத்தில் "பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது" என்று ஆதியாகமம் 6:11 சொல்கிறதே, எபிரெயத்தில் அங்கேயும் இதே சொல்தான். இரண்டு வசனம் முன்னால் போனால் இந்தப் பேச்சு யாருக்கு என்பதும் தெரியும்: இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களுக்கு. "உன் தோழி" என்று அவளைச் சொல்லி, அவளுக்காக அவர்களைக் கண்டித்த வார்த்தை அது. அதையே எடுத்து உங்கள் காலில் விலங்கு பூட்டுகிறார்கள். எழுதும்போது எனக்கே நெஞ்சு பதைக்கிறது.

சிவப்புக் கோடு போட்ட எபேசியர் 5:22-ம் அப்படித்தான். அதற்கு முந்தின வசனம், "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." 25-ஆம் வசனம் புருஷனிடம் கேட்பது, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோன்ற அன்பை. கை ஓங்க அங்கே எங்கேயும் அனுமதி இல்லை.

அவருடைய கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடி, அழுகை, கொஞ்ச நாள் அமைதி, மறுபடி அடி என்று இத்தனை வருஷமாக ஒரே வட்டம்தான் சுற்றுகிறது. மன்னிப்பது உங்கள் விருப்பம். மன்னித்தாலும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பாஸ்டர் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நீங்கள் பேசும் உண்மைக்கு வீட்டில் அடி விழும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது. ஊட்டியில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். நீதிமன்றத்தில் மனு போட அவர் உதவ வேண்டும். வீடு உங்கள் கணவர் பெயரில் இருந்தாலும் சட்டப்படி அல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. இலவச வழக்கறிஞர் பெறப் பெண்களுக்கு வருமான வரம்பும் இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், ஆனால் கணவர் பார்க்காத போனிலிருந்து.

போகப் போவதாக அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பிரியும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது. ஆதார், மகளின் பிறப்புச் சான்று, மருத்துவச் சீட்டு, கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். அவர் மண்டிக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் பஸ் ஏறுங்கள். மகளின் ஸ்வெட்டரையும் அந்தப் போர்வையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.