புரட்டிப் போட்டால் மூன்று உயரம்

கேள்வி: பட்டறையில் மரம் அறுக்கவும், வீட்டில் பல்பு மாற்றவும், முழங்கால் வலியுள்ள என் தாயார் தாழ உட்கார்ந்து காய் நறுக்கவும் உதவும்படியாக ஒரே முக்காலியை நானே செய்ய விரும்புகிறேன். மூன்று கால் நல்லதா, நான்கு கால் நல்லதா? கஜா புயலில் விழுந்த தென்னையை அறுத்த பலகைகள் கொட்டகையில் கிடக்கின்றன, அவை உதவுமா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: மூன்று கால் மேடுபள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கும் என்பது உண்மையே, ஆயினும் இரு கால்களுக்கு இடைப்பட்ட விளிம்பில் மிதித்தால் கவிழ்ந்துவிடும் என்பதால், ஏறி நிற்பதற்கு அது ஆகாது. தாங்கள் சொல்லும் வேலைகளுக்கு ஒரே உயரம் போதாது. ஆகவே, காலே இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டியாகச் செய்துகொள்வதே மேல். வெளியளவு 18, 14, 10 அங்குலமாக இருந்தால், புரட்டிப் போடும் பக்கத்துக்கு ஏற்ப அம்மூன்றுமே உயரமாக அமையும். வாயைக் கவிழ்த்துப் போட்டால் தாயாருக்கு 10 அங்குல மணை. நெடும்பக்கத்தில் நிறுத்தினால், பல்பு மாற்றவும் அறுக்கும் சட்டத்தை முழங்காலால் அழுத்திப் பிடிக்கவும் 14 அங்குலம். செங்குத்தாக நிறுத்தினால் நாற்காலி உயரம். 18 அங்குல நிலையில் அடிப்பக்கம் 14-க்கு 10 மட்டுமே என்பதால், அதன்மேல் உட்காரலாமே தவிர ஏறி நிற்கக் கூடாது.

தென்னையைப் பற்றி: பெரும்பாலான மரங்களுக்கு வைரம், அதாவது கெட்டியான பகுதி, நடுவில் இருக்கும், தென்னைக்கோ வெளிப்புறத்தில் இருக்கும். நடுப்பகுதிப் பலகை பஞ்சுபோல் இருப்பதால் திருகாணி அதில் பிடிக்காது. கருத்துக் கனமாக உள்ள புறப்பலகைகளை மட்டும், கரையான் அரிக்காதவையாகப் பார்த்து எடுங்கள். போதாவிட்டால் நன்கு காய்ந்த பூவரசு அல்லது வேம்பு வாங்கலாம்.

ஓர் அங்குலக் கனப் பலகையில் 18-க்கு 9 இரண்டு, அவற்றுக்கு நடுவே பொருந்த 12-க்கு 9 இரண்டு, மேலே மூட 18-க்கு 14. மேற்பலகையை ஒரே துண்டாக இடாமல் இரண்டாக இட்டு, நடுவே ஒரு நெல் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஈரம் குடித்து உப்பும்போது அதற்கு இடம் வேண்டும். பலகையின் குறுக்குவெட்டு முனையில் திருகாணி உறுதியாக நிற்பதில்லை. உள்மூலை நான்கிலும் ஒன்றரை அங்குலச் சட்டம் வைத்து, முன்துளை போட்ட பிறகே இரண்டு அங்குலத் திருகாணியை முடுக்குங்கள். வாய்ப்புற விளிம்புகளின் நடுவே அரை அங்குலம் செதுக்கி எடுத்தால் நான்கு மூலைகள் மட்டும் தரையைத் தொடும், ஆட்டம் குறையும்.

குறும்பலகைகளில் நான்கு விரல் நுழையும் கைப்பிடித் துளை அவசியம். இரு முனையிலும் துளையிட்டு, இடையை அறுத்து எடுத்து, விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். நான் முதலில் செய்ததில் இதைச் சோம்பலால் விட்டுவிட்டேன். தூக்கும்போதெல்லாம் விரலை அறுத்தது. வீடு கழுவும் தண்ணீர் ஏறாதபடி, தரையைத் தொடும் விளிம்புகளுக்கு வார்னிஷை இரண்டு முறை பூசுங்கள்.