புலிக்குக் கூண்டு, அதிகாரிக்கு ட்ரான்ஸ்பர்

வாசகர் கேள்வி – பதில்

(இரண்டு இதழுக்கு முன்னால் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுப் புலிகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் புலியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் அரசியலைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த முறை அதுவே இருக்கட்டும்.)

"புலியைப் பிடிக்க உத்தரவிட்டிருக்கிறேன்" என்று வனத்துறை அமைச்சர்கள் டிவியில் சொல்கிறார்களே, அந்த அதிகாரம் அமைச்சருக்கா, அதிகாரிக்கா?
— வாசகர், மர்ஃபி டவுன்

அதிகாரிக்குத்தான். 1972-ம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 11-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். புலி, யானை, சிறுத்தை மாதிரி முதல் அட்டவணையில் இருக்கிற ஒரு விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்று மாநில வனத்துறையின் மூத்த அதிகாரியான தலைமை வனவிலங்குக் காப்பாளர் முடிவுக்கு வரவேண்டும், காரணத்தை எழுதி உத்தரவு போடவேண்டும். பிடிக்கவும் வழியில்லை, மயக்க ஊசிக்கும் வழியில்லை, வேறு இடத்துக்குக் கொண்டுபோகவும் வழியில்லை என்றால்தான் சுடுவது என்ற பேச்சே வரும். அந்தப் பிரிவில் அமைச்சர் என்ற சொல்லே கிடையாது.

ஆனால் அந்தக் காப்பாளரை நாற்காலியில் உட்காரவைப்பது யார்? மாநில அரசு. எழுந்திருக்கச் சொல்வதும் அதே அரசுதான். மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் இருக்கிற வனத்துறைத் தலைமை அலுவலகமான ஆரண்ய பவனில் உட்கார்ந்திருப்பவருக்கு, அமைச்சர்கள் இருக்கிற விதான சௌதாவிலிருந்து ஒரு போன் போதும், கடிதம் எதுவும் தேவையில்லை. இந்தத் துறையில் அரசியல் தலையீடு என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்தப் போனைத்தான். போன் காற்றோடு போய்விடும், உத்தரவின் அடியில் இருப்பது அதிகாரியின் கையெழுத்து மட்டும்தான்.

2013-ல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித்தான் பேசியது. வாய்மொழி உத்தரவை வைத்து அதிகாரிகள் வேலை செய்யக்கூடாது, வாயால் சொன்னாலும் அதை எழுத்தில் பதியவேண்டும் என்றது. அடுத்த வருடமே இந்திய வனப் பணி அதிகாரிகளுக்கு ஒரு பதவியில் குறைந்தது 2 வருடம் என்று விதியும் வந்தது. நல்ல விதிதான், நடைமுறையில் எப்படி என்று அந்தத் துறையில் தெரிந்தவர் யாராவது இருந்தால் காபி வாங்கிக்கொடுத்துக் கேளுங்கள்.

எங்கள் சொந்த ஊர் கூடலூர். பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்பினால் பந்திப்பூர் கேட் மூடிவிடுகிறது. தேர்தல் வரும்போதெல்லாம் திறக்கப்போவதாகச் சொல்கிறார்கள். திறப்பார்களா?
— வாசகி, ராமமூர்த்தி நகர்

உங்கள் கஷ்டம் புரிகிறது, நானும் குண்டல்பேட்டையில் காருக்குள்ளேயே தூங்கிக் காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கக் காத்திருந்தவன்தான். ஆனாலும் திறக்கக்கூடாது என்பதுதான் என் கட்சி.

கதை இப்படி. 2009 ஜூனில் சாம்ராஜ்நகர் மாவட்ட ஆட்சியர் பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகள் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார். காரணம் சாலையில் அடிபட்டுச் சாகிற விலங்குகள். சில நாளிலேயே அந்த உத்தரவு வாபஸ் ஆனது. வாபஸை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் உயர் நீதிமன்றம் போனார், 2010 மார்ச்சில் தடை உறுதியானது, வயநாட்டுக்கும் இந்தக் காட்டு வழியாகத்தான் சாலை என்பதால் கேரள அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உத்தரவு, வாபஸ் இரண்டுமே எழுத்தில் இருந்ததால்தான் நீதிமன்றத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. வாபஸ் வாங்காமல், 'செக்போஸ்ட்டில் கண்டுக்காமல் விடுங்கப்பா' என்று வாயால் சொல்லியிருந்தால் எந்த வழக்கறிஞர் எதை எடுத்துக்கொண்டு போயிருப்பார்?

2019 அக்டோபரில் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில் இந்தத் தடைக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தவர்களை வயநாடு எம்.பி.யாக இருந்த ராகுல் காந்தி நேரில் போய்ப் பார்த்து ஆதரவு சொன்னார். ஓட்டு வயநாட்டில், காடு கர்நாடகத்தில். எம்.பி. தன் தொகுதி ஆட்களுக்காகப் பேசுவது அவருடைய வேலை, அதில் நான் குற்றம் காணவில்லை. காட்டுக்குத் தொகுதி கிடையாது, அதுதான் சிக்கல்.

நம் தமிழ்நாடு மட்டும் ரொம்ப யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தியமங்கலம் – திம்பம் மலைப்பாதையில் இரவுத் தடை என்று ஈரோடு ஆட்சியர் 2019 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார். அந்தக் காகிதம் மூன்று வருடம் தூங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் தட்டி எழுப்பி, 2022 பிப்ரவரி 10-ம் தேதிதான் அமலுக்கு வந்தது. ரத்து செய்யவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம், சும்மா வைத்திருந்தாலே போதும். எனக்குத் தெரிந்து இதுதான் சுத்தமான அரசியல் தலையீடு.

அதனால் வெள்ளிக்கிழமை மதியமே லீவு போட்டுக் கிளம்புங்கள் அம்மா.

சஃபாரியில் வி.ஐ.பி.களுக்குத் தனி ஜீப் உண்டாமே?
— வாசகர், சிவாஜிநகர்

ஒருமுறை குடும்பத்தோடு ஒரு காட்டு விருந்தினர் விடுதிக்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். பணம் கட்டிய ரசீது கையில், அறையில் வேறு யாரோ. "மேலிடத்து ஆளுங்க சார், நீங்க அந்தப் பக்கத்து ஷெட்ல..." என்று தலையைச் சொறிந்தார் அங்கிருந்த ஊழியர். பாவம், அவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது, ஷெட்டிலேயே படுத்தோம். ராத்திரி புள்ளிமான் கூட்டம் வாசல்வரை வந்தது. மேலிடம் அறைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

மாநில வனவிலங்கு வாரியம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் விஞ்ஞானிகள் இல்லையா? அவர்கள் தடுக்கலாமே?
— கல்லூரி ஆசிரியர், ஜாலஹள்ளி

இருக்கிறார்கள். 2002 திருத்தத்தில் வந்த அமைப்பு இது. தலைவர் முதலமைச்சர், துணைத் தலைவர் வனத்துறை அமைச்சர், அப்புறம் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள், தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூன்று பேர், பாதுகாப்பு ஆர்வலர்கள், சூழலியலாளர்கள் என்று பத்து பேர். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் நிர்வாக இயக்குநருக்கும் ஒரு நாற்காலி உண்டு, இது எனக்கு எப்போதும் சிரிப்பு. அந்தப் பத்தையும் மூன்றையும் நியமிப்பது யார் என்று கேளுங்கள், அதே மாநில அரசு. மாமியார் வீட்டுப் பஞ்சாயத்துக்கு மாமியாரே ஆள் பொறுக்கின மாதிரி. வருடத்துக்கு இரண்டு முறையாவது கூடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் வாரியத்தின் வேலை ஆலோசனை சொல்வதுதான்.

ஹூப்ளி – அங்கோலா ரயில் பாதைதான் இதற்குப் பாடம். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கிற 164 கிலோமீட்டர் பாதை, தொண்ணூறுகளிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிற திட்டம். 2020 மார்ச்சில் அப்போதைய முதலமைச்சர் எடியூரப்பா தலைமையில் வாரியம் கூடியபோது உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அனுமதி கிடைக்கவில்லை. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதே மாதம் மறுபடி கூடி ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். மலையும் மாறவில்லை, சிங்கவால் குரங்கும் குடிமாறிப் போகவில்லை. விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், அங்கே தடை விழுந்தது.

2022-ல் சட்டத்தை மறுபடி திருத்தி, வாரியத்துக்குள் ஒரு நிலைக்குழு வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அமைச்சர் தலைமையில், அதிகபட்சம் பத்து உறுப்பினர்கள். எதிர்க்கிற ஆள் அந்தப் பத்துக்குள் வருவாரா என்று உங்கள் மாணவர்களிடம் ஒரு கேள்வியாகக் கொடுத்துப் பாருங்கள்.

எங்கள் மாமா சாம்ராஜ்நகர் பக்கம் வனத்துறையில் ஒப்பந்த வாட்சர். ஊர்க்காரர்களும் அடிக்கிறார்கள், மேலே இருப்பவர்களும் அடிக்கிறார்கள். அரசியல்வாதிகள் செய்வதற்கு இவர்கள்தான் பலியா?
— வாசகி, கே.ஜி.எஃப்.

இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே என்னைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்தது உங்களுடையதுதான். 2025 செப்டம்பரில் குண்டல்பேட்டை தாலுகா பொம்மலாபுரத்தில் நடந்தது நினைவிருக்கும். புலியைப் பிடிக்கவில்லை என்ற கோபத்தில், புலிக்கு வைத்த கூண்டுக்குள் வனத்துறை ஊழியர்களைத் தள்ளிப் பூட்டினார்கள். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. உள்ளே நின்றவர்களில் ஒருவருக்கும் ஒரு புலியைப் பிடிக்க உத்தரவு போடுகிற அதிகாரம் கிடையாது.

அதே வருடம் ஜூனில் மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு தாய்ப் புலியும் நான்கு குட்டிகளும் விஷத்தில் செத்துக் கிடந்தன. அப்போது ஒப்பந்த ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வராததும் வெளியே வந்தது. சம்பளம் வராதவன் ராத்திரி ரோந்து போவானா? அந்த மலையைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கும் யோசனை வருடக்கணக்கில் கிடக்கிறது, உள்ளூர் அரசியலில் அதற்கு எதிர்ப்பு. ஊர்க்காரர்களின் பயம் நிஜமானது, மாடு மேய்க்க விடமாட்டார்கள், விறகு எடுக்க விடமாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்தோடு உட்கார்ந்து பேசுவதைவிட அதை ஓட்டாக மாற்றுவது சுலபம்.

மாமாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். ரோந்து போன தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று தன் கையால் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் மேலே இருப்பவர்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

பன்னேர்கட்டா பக்கம் ஒரு சைட் வாங்கியிருக்கிறேன். சூழல் மண்டலத்தைக் குறைத்துவிட்டார்கள், விலை ஏறும் என்று புரோக்கர் சொல்கிறார். சந்தோஷப்படலாமா?
— வாசகர், ஜிகினி

நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கே ஒரு கும்பிடு.

சூழல் மண்டலம் என்பது காட்டைச் சுற்றிக் குவாரிக்கும் கட்டடத்துக்கும் கட்டுப்பாடு போடுகிற வளையம். 2016 வரைவில் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றி 268.96 சதுர கிலோமீட்டர் மண்டலம் என்று இருந்தது. 2020 மார்ச்சில் இறுதி அறிவிப்பு வந்தபோது 168.84. நூறு சதுர கிலோமீட்டர் காணோம். சில இடத்தில் பூங்கா எல்லையிலிருந்து நூறு மீட்டர்தான் மண்டலம், அது ஒரு ஓட்டம் ஓடினால் முடிந்துவிடும் தூரம். மண்டலத்துக்குள் கல்குவாரியும் ஜல்லி கிரஷரும் கூடாது, ரிசார்ட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு. வெளியே தள்ளப்பட்ட நிலத்தில் அந்த அறிவிப்பின் கட்டுப்பாடுகள் இல்லை. யாருக்கு லாபம் என்று நான் எழுதவேண்டியதில்லை, பன்னேர்கட்டா ரோட்டில் ஒருமுறை பஸ்ஸில் போனாலே போர்டுகள் சொல்லும்.

யானைக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது இங்கிருந்து தளி, ஓசூர் என்று நம் பக்கம் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். விலை ஏறலாம், ஏறட்டும். காம்பவுண்டுச் சுவர் மட்டும் கொஞ்சம் சிக்கனமாகக் கட்டுங்கள், எப்படியும் இரண்டு முறை கட்டவேண்டி வரும்.

எந்தக் கட்சி வந்தாலும் இதே கதையா, இல்லை ஒரு கட்சி தேவலையா?
— வாசகர், அல்சூர்

கட்சிச் சண்டையில் சில சமயம் காடு பிழைத்துக்கொள்ளும். 2024 ஜூனில் பெல்லாரி மாவட்டம் சண்டூரில் தேவதாரி இரும்புத் தாது திட்டத்துக்கு மத்திய அமைச்சர் குமாரசாமி பச்சைக்கொடி காட்டினார். காட்டு நிலத்தை ஒப்படைக்காதீர்கள் என்று மாநில வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார், அதுவும் எழுத்தில். உள்ளே அரசியல் இருந்ததா? இருந்திருக்கும். மரங்களுக்கு அதனால் என்ன நஷ்டம்?

அதே வருடம் பிப்ரவரியில் கர்நாடகம் ரேடியோ காலர் மாட்டி விட்ட பேலூர் மக்னா என்ற தந்தமில்லாத ஆண் யானை வயநாட்டில் ஒருவரைக் கொன்றது. கர்நாடக அரசு 15 லட்சம் தருவதாக அறிவித்தது, ராகுல் காந்தி தொகுதி என்பதால்தான் என்று பா.ஜ.க. சண்டைக்கு வந்தது, கடைசியில் அந்தக் குடும்பமே பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. செத்தவரின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இரண்டு கட்சியும் கணக்குப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

கர்நாடகத்துக்கு வெளியேயும் போகலாம். 2024 செப்டம்பரில் உத்தராகண்ட் முதலமைச்சர் தாமியை உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. கார்பெட் புலிகள் காப்பக முறைகேட்டு விசாரணையில் இருந்த ஒரு அதிகாரியை ராஜாஜி புலிகள் காப்பகத்துக்கு இயக்குநராகப் போட்டதுதான் விஷயம். கீழ்நிலை அதிகாரியிலிருந்து வனத்துறை அமைச்சர்வரை வேண்டாம் என்று ஃபைலில் எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்புகள் ஃபைலில் இருந்ததால்தான் நீதிபதி முதலமைச்சரைக் கேட்க முடிந்தது, நியமனமும் வாபஸ் ஆனது.

எங்களைப் போல ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்கள் இதில் என்ன செய்ய முடியும்? இன்ஸ்டாகிராமில் போடுவதைத் தவிர.
— வாசகி, மாரத்தஹள்ளி

முதலில் செய்யக்கூடாதது ஒன்று. அபார்ட்மெண்ட் கேமராவில் சிறுத்தை தெரிந்ததும் எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டு 'உடனே பிடிக்கச் சொல்லுங்கள்' என்காதீர்கள். மேலே நான் திட்டிய அந்தப் போன் இருக்கிறதே, அதில் பாதி நாம் ஆரம்பித்துவைப்பதுதான். வனத்துறைக்கே நேராகச் சொல்லுங்கள்.

அப்புறம், சூழல் மண்டலத்துக்கு வரைவு அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் சொல்ல 60 நாள் தருவார்கள். அந்த அறுபது நாளும் குவாரிக்காரருக்குத் தெரிந்திருக்கும், நமக்குத் தெரியாது. வாரியக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்ற நடவடிக்கைக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பத்து ரூபாய்தான். ஒரு எச்சரிக்கை: கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்கலாம், 150 வார்த்தைக்குள் முடிக்கவேண்டும். என்னால் முடியாது, நீங்கள் முயற்சி செய்யுங்கள்.