அடுத்து என்ன படிக்கலாம்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'சாவதற்குள் படிக்க வேண்டிய 100 நூல்கள்' என்ற பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன். நாலாவது நூலிலேயே நின்றுவிட்டது. கோளாறு என்னிடமா, பட்டியலிடமா?

பட்டியலிடம்தான். எந்த நூல் பெரியது என்று அது சொல்லும். எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்று சொல்லாது. 'டான் கிஹோத்தே' இந்த மாதிரிப் பட்டியல்களில் மேலேயே இருக்கும். முதல் பாகம் 1605-ல் வந்தது, இரண்டாவது 1615-ல். வீரசாகசக் கதைகளை நையாண்டி செய்யும் நாவல் அது. நையாண்டி செய்யப்படும் சரக்கைப் பார்த்தே இராதவருக்குத் தொடக்கத்தில் சிரிப்பு வருவது கொஞ்சம் சிரமம். சலித்துப்போகாமல் இரண்டாம் பாகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் பாக்கியசாலிகள். அதில் வருகிறவர்கள் முதல் பாகத்தை ஏற்கெனவே படித்திருக்கிறார்கள்!

பட்டியலை மூடிவையுங்கள். கடைசியாக உங்கள் தூக்கத்தைக் கெடுத்த புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பிடித்தது எது? கதையின் ஓட்டமா, ஆளா, மொழியா, சொல்லிய விதமா? 'நன்றாக இருந்தது' என்பதெல்லாம் பதில் ஆகாது. ஷெர்லாக் ஹோம்ஸ் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். புதிருக்காகப் பிடித்திருந்தால் அடுத்தது அகதா கிறிஸ்டி, அதிலும் ரோஜர் அக்ராய்ட் கொலையைப் பற்றிய 1926 நாவல். யாராவது முடிவைச் சொல்லித் தொலைப்பதற்குள் படித்துவிடுங்கள். ஹோம்ஸ் என்ற ஆளுக்காக என்றால் பின்னோக்கிப் போங்கள்: 1841-ல் எட்கர் ஆலன் போ எழுதிய 'ரூ மார்க்' கதையில் வரும் துப்பறிவாளர் துய்ப்பேன்தான் ஹோம்ஸுக்குத் தாத்தா. (தாத்தாவைப் பேரன் மட்டம்தட்டுகிற இடம் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே இருக்கிறது.) நடந்ததை ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லும் விதம் பிடித்திருந்தால் வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்', 1868. அதில் ஒரே திருட்டைப் பலர் மாறிமாறிச் சொல்கிறார்கள், ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த மட்டும்.

ஹோம்ஸையே இனிமேல்தான் தொடங்கப் போகிறீர்கள் என்றால், 1887-ல் வந்த முதல் நாவலில் தொடங்காதீர்கள். பாதியில் கதை லண்டனை விட்டு அமெரிக்கப் பாலைநிலத்துக்குப் போய், ஹோம்ஸ் இல்லாமலே பல அத்தியாயங்கள் ஓடும். பலர் புத்தகத்தை மூடும் இடம் அது. 1892-ல் வந்த 12 சிறுகதைகளின் தொகுப்பே சரியான வாசல்.

கேள்வி: ஒரே நாவலுக்கு நாலைந்து மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. எது நல்லது என்று புத்தகத்தைப் புரட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முக்கால்வாசி முடியும். முதல் சில பக்கங்களையும் பொருளடக்கத்தையும் பார்க்கப் பத்து நிமிடம் செலவழியுங்கள், போதும்.

முதலில் பதிப்புரிமைப் பக்கம். மொழிபெயர்த்தவர் பெயரே இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். பெயர் இருந்தால், எந்த மொழியிலிருந்து பெயர்த்தார் என்று பாருங்கள். ஸ்தானிஸ்லாவ் லெம் 1961-ல் போலிஷ் மொழியில் எழுதிய 'சொலாரிஸ்' 1970-ல் ஆங்கிலத்துக்கு வந்தது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வழியாக. போலிஷிலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு வர 2011 ஆகிவிட்டது. தமிழில் கிடைக்கும் உலக இலக்கியத்தில் பெரும்பகுதி ஆங்கிலம் வழியாக வந்ததுதான். அதில் குற்றமில்லை. ஆனால் எந்த ஆங்கிலப் பதிப்பு வழியாக என்று முன்னுரையில் சொல்கிற மொழிபெயர்ப்பாளரை நம்பலாம்.

அடுத்து அத்தியாயங்களை எண்ணுங்கள். 'மாண்டி கிறிஸ்டோ பிரபு'வுக்கு 117 அத்தியாயம். கையில் இருப்பதில் 70 என்றால் சுருக்கப் பதிப்பு, அட்டையில் என்ன போட்டிருந்தாலும் சரி. சில சமயம் எண்ணிக்கை சரியாக இருந்து உள்ளே வெட்டியிருப்பார்கள். ஜூல்ஸ் வெர்னின் கடலடி நாவலுக்கு 1870-களில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அப்படித்தான். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது, அதில் அறிவியல் பகுதிகள் நிறைய. நெப்ராஸ்காவில் 'பேட்லேண்ட்ஸ்' (சொல்லுக்குச் சொல் 'கெட்ட நிலம்') எனப்படும் அரித்துப்போன பாறை நிலத்திலிருந்து பேராசிரியர் திரும்பி வருவதாக வெர்ன் எழுத, அது 'நெப்ராஸ்கா என்னும் இனிமையற்ற பிரதேசம்' என்று ஆகியிருந்தது. வெர்ன் சிறுபிள்ளைகளுக்கான எழுத்தாளர் என்ற பெயர் ஆங்கில உலகில் நெடுநாள் ஒட்டிக்கொண்டதில் இதற்கும் பங்குண்டு.

கடைசியாக ஒரு வாக்கியத்தைச் சோதியுங்கள். காஃப்காவின் 'உருமாற்றம்' (1915) கதைக்கு முதல் வாக்கியமே போதும். காலையில் கண்விழிக்கும் கிரெகோர் என்னவாக மாறியிருக்கிறான்? ஜெர்மனில் 'உங்கெத்ஸீஃபர்' என்று இருக்கிறது. அருவருப்பான, ஒழிக்க வேண்டிய சிற்றுயிர்களுக்கெல்லாம் பொதுவான சொல் அது, குறிப்பிட்ட ஒரு பூச்சியின் பெயர் இல்லை. அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆகவே 'கரப்பான் பூச்சி' என்று பெயர்த்தவர், ஆசிரியர் வேண்டுமென்றே மூடிவைத்ததைத் திறந்துவிட்டார் என்று பொருள். இப்படி ஒரு வரி சிக்காத நூல்களில் ஓர் உரையாடல் பக்கத்தை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். வர்ணனையில் ஒளிந்துகொள்ளும் மொழிபெயர்ப்பு பேச்சில் மாட்டிக்கொள்ளும். வேலைக்காரனும் இளவரசனும் ஒரே மாதிரி பேசினால் அடுத்த பதிப்பைப் பாருங்கள்.

கேள்வி: முன்னுரையை முதலில் படிக்க வேண்டுமா?

செவ்வியல் நாவல் என்றால் வேண்டாம். முன்னுரை எழுதும் பேராசிரியருக்கு உங்களுக்குக் கதை தெரியாது என்ற நினைப்பே இருக்காது, மூன்றாம் பக்கத்தில் நாயகியைக் கொன்றுவிடுவார். 'இந்தப் பதிப்பைப் பற்றி' என்ற குறிப்பு இருந்தால் அதை மட்டும் பாருங்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' போன்ற நூலுக்கு அது அவசியம். 1818 பதிப்பையும் 1831-ல் மேரி ஷெல்லியே திருத்திய பதிப்பையும் இன்றும் தனித்தனியாக அச்சிடுகிறார்கள்.

கேள்வி: 'போரும் அமைதியும்' மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பெயர்க் குழப்பத்தில் விட்டுவிட்டேன். ஏதாவது வழி?

நீங்கள் விட்ட இடம் அநேகமாக முதல் காட்சியாகத்தான் இருக்கும். 1805 ஜூலை, ஒரு சீமாட்டியின் வீட்டு விருந்து. கதவைத் திறந்ததும் டால்ஸ்டாய் ஒரு கூட்டத்தையே அறிமுகப்படுத்துகிறார். எல்லோரையும் நினைவில் வைக்கப் பார்ப்பதுதான் தவறு.

ரஷ்யப் பெயருக்கு மூன்று உறுப்பு: சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து வருவது, குடும்பப் பெயர். நடாலியா இலியீனிச்னா ரஸ்தோவா என்றால் இலியாவின் மகள், ரஸ்தோவ் வீட்டுப் பெண். வீட்டில் கூப்பிடுவது நடாஷா. மரியாதைக்கு முதல் இரண்டு, ஊராருக்குக் கடைசி, செல்லத்துக்குச் சுருக்கம். ஆக ஒரே ஆளுக்கு மூன்று அழைப்பு. இது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு அட்டையில் ஐந்து குடும்பங்களுக்கு ஐந்து பத்தி பிரியுங்கள்: பெசுகோவ், பல்கோன்ஸ்கி, ரஸ்தோவ், குராகின், துருபெத்ஸ்கோய். ஒரு பெயர் இரண்டாம் முறை வரும்போது மட்டும் உரிய பத்தியில் எழுதுங்கள். ஒரு முறை வந்து போகிறவர்களைப் போக விடுங்கள். அட்டையையே புத்தக அடையாளமாக வைத்தால் தொலையாது. இணையத்தில் கிடைக்கும் வம்ச வரைபடம் வேண்டவே வேண்டாம், யார் யாரை மணக்கிறார்கள் என்பது அதிலேயே இருக்கும்.

மொத்தம் 361 அத்தியாயங்கள், பெரும்பாலும் சிறியவை. நாளுக்கு ஒன்று என்றால் ஓராண்டுக்குள் முடியும். முடிவுரையின் இரண்டாம் பகுதியில் கதை கிடையாது. வரலாற்றை நகர்த்துவது எது என்ற விசாரணை அது. அதைப் பிறகு படித்தாலும் நாவலுக்கு நட்டமில்லை.

கேள்வி: சங்க இலக்கியம் படிக்க ஆசை. தமிழ் இலக்கணம் பள்ளியோடு போயிற்று. எங்கே தொடங்கலாம்?

குறுந்தொகையில். பாட்டு 4 முதல் 8 அடிதான். ஓரிரண்டு பாட்டு 9 அடி போகும். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. சந்தி பிரித்த, அதாவது சேர்ந்து நிற்கும் சொற்களைத் தனித்தனியாக அச்சிட்ட பதிப்பாக வாங்குங்கள். பாட்டின் தலைப்பில் யார் கூற்று, யாரிடம் சொன்னது என்ற குறிப்பு இருக்க வேண்டும். அது இல்லாத பதிப்பு இருட்டில் கேட்கும் உரையாடல் மாதிரி.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. பொழிப்புரையை முதலில் படிக்காதீர்கள். படித்தால் பாட்டு வெறும் சான்றாகிவிடும். மூலத்தை வாய்விட்டு இருமுறை படியுங்கள், பிறகு கூற்று, பிறகு தெரியாத சொல்லுக்கு மட்டும் பொருள், திரும்ப மூலம். கபிலரின் 18-ஆம் பாட்டில் இதைச் செய்து பாருங்கள். தலைவனிடம் தோழி சொல்வது:

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யார் அஃது அறிந்திசினோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கியாங்கு இவள்
உயிர் தவச் சிறிது காமமோ பெரிதே

வேரல் சிறு மூங்கில், கோடு கிளை, தவ மிகவும். மூன்று சொல் தெரிந்தால் பாட்டு திறந்துகொள்கிறது. மெல்லிய கிளையில் பெரிய பலாப்பழம் தொங்குகிறது, எப்போது முறியுமோ. தலைவியின் உயிர் அந்தக் கிளை, அவள் ஆசை அந்தப் பழம். இன்னொரு முறை படித்தால் முதல் அடி கண்ணில் படும். அங்கே இருக்கிற பலா வேரில் காய்த்தது. பழம் தரையிலேயே கிடக்கும், சுற்றி மூங்கில் வேலி வேறு. உன் ஊரில் பழத்துக்குக் காவல் உண்டு, இவளுக்கு? 'மணந்துகொள்' என்ற சொல்லே இல்லாமல் தோழி அதைச் சொல்லிவிட்டாள். பொழிப்புரையில் நுழைந்திருந்தால் இந்த இரண்டாம் கண்டுபிடிப்பு உங்களுடையதாக இருந்திருக்காது.

நாளுக்கு இரண்டு பாட்டு போதும். ஒரே மூச்சில் 50 படித்தால் எல்லாம் ஒரே பாட்டாகத் தெரியும்.

கேள்வி: பிடிக்காத புத்தகத்தை எத்தனை பக்கத்தில் விடலாம்?

அமெரிக்க நூலகர் நான்சி பேர்லின் கணக்கு: 50 பக்கம். வயது 50-ஐத் தாண்டினால் 100-லிருந்து வயதைக் கழித்து வருகிற பக்கம். நல்ல கணக்குதான். ஆனால் சலிப்பையும் திணறலையும் பிரித்துப் பாருங்கள். சலித்தால் விடுங்கள். புரியாமல் திணறினால் ஒரு அத்தியாயம் தாண்டிப் பாருங்கள். 'மோபி டிக்'கில் 32-ஆம் அத்தியாயம் முழுக்கத் திமிங்கில வகைப்பாடு. அங்கே கரையேறியவர்கள் ஏராளம். தாண்டிப் போய்ப் பிறகு திரும்பி வந்தால் யாரும் அபராதம் போடமாட்டார்கள்.

கேள்வி: கதை படிப்பதில்லை. வரலாறும் அறிவியலும்தான். ஆசிரியர் நம்பத்தக்கவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்பக்கம் சொல்லடைவைத் திறந்து உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைத் தேடுங்கள், அந்த இரண்டு பக்கத்தை மட்டும் படியுங்கள். அங்கே தவறு இருந்தால் தெரியாத இடங்களிலும் இருக்கும். சொல்லடைவே இல்லாத 500 பக்க வரலாற்று நூல் சந்தேகத்துக்குரியது. நல்லது என்று தெரிந்தால் அதன் துணைநூல் பட்டியலையும் வேறு இரண்டு நூல்களின் பட்டியலையும் ஒப்பிடுங்கள். மூன்றிலும் வரும் பெயரே அடுத்துப் படிக்க வேண்டியது. நூலகம் என்றால் அந்த நூலின் வகைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அதே எண்ணில் இடமும் வலமும் நிற்பவை அட்டவணையில் தட்டுப்படாதவை. எல்லா நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்று 1931-லேயே விதி எழுதிய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் கணக்கு இந்த அலமாரி வரிசையில்தான் பலிக்கும்.

கேள்வி: படிக்கும் பழக்கமே இல்லாத நண்பருக்கு ஒரு புத்தகம் பரிந்துரைக்க வேண்டும். எதைக் கொடுக்கலாம்?

தலைப்பைச் சொல்வதற்கு முன் அவரிடம் இரண்டு கேட்டுவிடுங்கள்: கடைசியாக நடுவில் நிறுத்த முடியாமல் பார்த்த படம் எது? ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் கிடைக்கும்? அரை மணி என்றால் நாவல் வேண்டாம், சிறுகதை. குடும்பச் சண்டையும் மனித சுபாவமும் பிடிக்கும் என்றால் டால்ஸ்டாயின் 'இவான் இலியீச்சின் மரணம்' (1886): 12 சிறு அத்தியாயம், சாவுச் செய்தியில் தொடங்கி, அந்தக் காலியிடம் யாருக்குக் கிடைக்கும் என்று சக ஊழியர்கள் மனதுக்குள் கணக்குப் போடுவதில் நகர்கிறது. உண்மைக் கதைதான் வேண்டும் என்பவருக்கு உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. பருமனைப் பார்த்து மிரண்டால், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகும் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு புத்தகம் கொடுங்கள். ஐந்து கொடுத்தால் வீட்டுப்பாடம். 'படித்தே ஆக வேண்டும்' என்ற சொல் வாயில் வரக்கூடாது. எந்த இடத்தில் மெதுவாகப் போகும், எத்தனை பக்கத்தில் வேகம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். உங்களுக்குப் பதினாறு வயதில் உயிராக இருந்த நூல் என்றால், கொடுப்பதற்கு முன் நீங்களே இருபது பக்கம் மறுபடி படித்துப் பாருங்கள். பிறகு 'படிச்சாச்சா?' என்று கேட்காமல் இருங்கள்.