மூன்று ஆஸ்பத்திரி, ஒரே டெஸ்ட்: திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 67, ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று பாலக்கோட்டில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். அங்கிருந்து தர்மபுரி, பிறகு சேலம். பத்தே நாளில் மூன்று இடத்திலும் மூன்று மாதச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், தைராய்டு, உப்பு, ரத்த வகை என எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தார்கள். கையெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லலாமா? டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம் அம்மா. ஆனால் 'வேண்டாம்' என்று தொடங்காதீர்கள். "போன செவ்வாய்க்கிழமை எடுத்த ரிப்போர்ட் இருக்குங்க டாக்டர், அதுக்குள்ள மாறியிருக்குமா?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மூன்று மாதச் சர்க்கரையை மூன்று முறை எடுத்தது வீண்தான். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அந்த நாட்களில் அதன்மேல் படிந்த சர்க்கரையைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கிறது. பத்து நாளில் அது பெரிதாக மாறாது. தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால்கூட டிஎஸ்எச் (ரத்தத்தில் பார்க்கும் தைராய்டு அளவு) நிலைக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகும். போதாக்குறைக்கு, கடுமையான நோயில் படுத்திருப்பவருக்குத் தைராய்டும் கொலஸ்ட்ராலும் தற்காலிகமாக மாறித் தெரியும். அந்த நேரத்தில் எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

உப்பு அப்படியல்ல. பொட்டாசியம், சோடியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் மூன்றும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என மாறக்கூடியவை. டெங்குவில் பிளேட்லெட்டைத் தினமும் பார்ப்பார்கள். மாரடைப்புச் சந்தேகத்தில், இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினைச் சில மணி நேரம் விட்டு மறுபடி எடுப்பது, அது ஏறுகிறதா என்று பார்க்க. இவற்றைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். ரத்த வகை மாறாது என்பது உண்மை. ஆனாலும் ரத்தம் ஏற்றுமுன் பழைய சீட்டை நம்பக் கூடாது. புதிதாக எடுத்துப் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

சாம்பிள் கெட்டுப்போவதும் உண்டு. சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் பொய்யாக அதிகமாகத் தெரியும். ரத்த அணுக்களை எண்ண ரத்தம் பிடிக்கும் ஊதா மூடிக் குழாயில் சிலருடைய பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கொத்துகளை எண்ணாமல் விட்டு 40,000 என்று காட்டும், வீட்டில் அழுகை. ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொத்துக் கொத்தாக வேண்டிய மட்டும் இருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் மறுபடி எடுப்பதுதான் சரி.

பணத்துக்காகவே எடுக்கும் இடங்களும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். ஆனால் நான் அதிகம் பார்த்தது வேறு. ராத்திரி ஒரு மணிக்கு எமர்ஜென்சியில் டியூட்டி டாக்டரிடம் நீட்டப்படுவது பாதி வெட்டுப்பட்ட வாட்ஸ்அப் போட்டோ. அதில் தேதி இல்லை, லேப் பெயரும் இல்லை. அவர் எதை நம்புவார்? எல்லா டெஸ்ட்டையும் மறுபடி எழுதிவிடுகிறார்.

அதனால் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு லேப் ரிப்போர்ட்டுகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வேறு ஊருக்கு அனுப்புகிற அவசரத்தில் அவ்வளவு காத்திருக்க முடியாது. ஆம்புலன்ஸ் ஏறும் முன்பே கேளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், லேப் பெயர், சர்க்கரை, கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் என எழுதி வையுங்கள். 2021-இல் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் உங்கள் வீட்டுக்கு மாத்திரை வருகிறதென்றால், அன்று பார்க்கும் பிரஷர், சர்க்கரையையும் அதே நோட்டில் ஏற்றுங்கள்.

வார்டில் இன்னொன்றும் கேட்கலாம்: "காலையில எடுத்த ரத்தத்துலயே இதையும் பாக்க முடியுங்களா?" பல டெஸ்ட்டுகளுக்கு முடியும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள முதியவருக்கு ஒரு குழாய் மிச்சமானாலும் நல்லது.

நீலம் பாரிப்பதற்கு: ஊசி எடுத்ததும் முழங்கையை மடக்க விடாதீர்கள். கையை நீட்டியபடி பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் பத்து நிமிடம்.