ரயில் நிற்காத ஊர்

ஐயா,
அமெரிக்கப் புல்வெளி ஊர்களைப் பற்றிய கட்டுரையில் 'ஊரை உண்டாக்கியவன் ரயில்காரன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் நிலத்துக்கு வந்து பாடுபட்ட மக்களுக்கு அதில் பங்கே இல்லையா?
வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியை எழுதும்போது கன்சாஸ் மாநிலத்து நிக்கோடெமஸ்தான் மனதில் இருந்தது. ஊரின் பெயரைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1877இல் சாலமன் ஆற்றங்கரையில் திட்டமிடப்பட்ட ஊர் அது. கென்டக்கி வரை துண்டறிக்கைகள் போயின. நம்பி வந்தவர்கள் கண்டது காகிதத்தில் மட்டுமே இருந்த ஊரை. மறு ஆண்டு கணவருடன் வந்த வில்லியானா ஹிக்மன், நிக்கோடெமஸ் எங்கே என்று கேட்டார். தரையிலிருந்து எழுந்த புகையைக் காட்டினார்கள். மண்ணைக் குடைந்து, அதற்குள் அடுப்பு மூட்டிக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. அழுதுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தமாகும். மரமில்லாத அந்த மண்ணில் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதே பெரும்பாடு.

'வெறும் நிலம்' என்கிறீர்கள். அந்தக் குளிர்காலத்தில் இவர்களுக்கு உணவு கொடுத்து உதவியவர்கள், வேட்டை முடிந்து அவ்வழியே திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. வெறும் நிலத்தில் யார் வேட்டைக்கு வருவார்கள்?

உழைப்பு வீண்போகவில்லை. பள்ளி, தேவாலயங்கள், விடுதி, கடைகள், செய்தித்தாள் எல்லாம் வந்தன. அங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கை அதிகாரியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகுதான் ரயில் கதை. மிசௌரி பசிபிக் ரயில் நிறுவனம் வரட்டும் என்று, அதற்கு உதவ 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஊரார் வாக்களித்தார்கள். அது வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளித் தண்டவாளம் போட்டது. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது; கடைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். அறுத்த தானியத்தை ரயிலேற்ற முடியாத ஊரில் கடை வைத்து என்ன செய்வது?

ஆனாலும் நிக்கோடெமஸ் அழிந்துவிடவில்லை. 1996இல் அது தேசிய வரலாற்றுத் தலமானது. இன்று அங்கே வசிப்பவர்கள் மிகச் சிலர். ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் வழித்தோன்றல்கள் பல இடங்களிலிருந்தும் அங்கே வந்து கூடுகிறார்கள். அதனால் 'ஊரை உண்டாக்கியவன்' என்பதை 'சந்தையை உண்டாக்கியவன்' என்று திருத்திவிடுகிறேன். மற்றபடி ரயில்காரன் மீதுள்ள என் கோபம் அப்படியே இருக்கட்டும்.